பூட்டிய அறையில் மரம் என்ன செய்கிறது?

லெம்பா பெர்த்தாமில் வீட்டைச் சூடாக்க யாரும் செலவு செய்வதில்லை. கேமரன் மலையில் இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினாலும், ஒரு கம்பளியும் ஒரு குவளைத் தேநீரும் போதும். ஆனால் தேயிலை ஆலைக்கு ஆண்டு முழுவதும் சூடு வேண்டும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, கடைசியில் சூட்டுக்காற்றில் உலர்த்தும்போது ஈரம் 3 விழுக்காடு அளவுக்குக் குறைய வேண்டும். உலகின் பல தேயிலை ஆலைகள் அந்தச் சூட்டுக்கு இன்றும் விறகையே நம்பியுள்ளன. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் 1.5 முதல் 2 கிலோ விறகு என்பது இலங்கை ஆலைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

சுவீடன், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற குளிர் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே ஆண்டில் பாதி நாள் வீட்டுக்கும் சூடு வேண்டும். அதற்காகப் பல இலட்சம் வீடுகளில் எரிப்பது ‘பெல்லட்’ எனப்படும் மரத்தூள் குச்சிகளை. புகை குறைவு, சாம்பல் குறைவு, எடுத்துப் போட ஆள் தேவையில்லை. இவ்வளவு நல்ல எரிபொருள், எரிவதற்கு முன்பே சிலரின் உயிரைப் பறித்திருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

மரத்தூள் குச்சியாவது எப்படி?

மர ஆலைகளில் மிஞ்சும் தூளையும் சீவல்களையும் முதலில் காய வைக்கிறார்கள். புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். தூளில் அது 10 விழுக்காடு அளவுக்கு இறங்கியதும், இன்னும் நைசாக அரைத்து, துளைகள் உள்ள எஃகுத் தகட்டின் வழியே பெரும் அழுத்தத்தில் பிதுக்குகிறார்கள். இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். உராய்வினால் சூடு ஏறும்போது மரத்திலேயே உள்ள ‘லிக்னின்’ என்ற பொருள் இளகி, ஆறியதும் பசைபோல் இறுகுகிறது. வேறு பசை தேவைப்படுவதில்லை.

வெளியே வரும் குச்சியின் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர், நீளம் அதிகபட்சம் 4 சென்டிமீட்டர். நம் ஊர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் பூனையின் கழிவுப் பெட்டியில் போடுவதற்காகப் பை பையாக விற்கப்படும் பைன் மரக் குச்சிகளும் இதே வகைதான்.

ஒரு கிலோ பெல்லட் எரிந்தால் ஏறக்குறைய 4.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் எரியெண்ணெய் தரும் வெப்பத்துக்கு 2 கிலோ பெல்லட் ஈடாகும். குளிர் நாட்டில் நடுத்தர அளவு வீடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 டன் வரை தேவைப்படலாம்.

5 டன்னை எங்கே வைப்பது?

15 கிலோ பைகளாக வாங்கினால் 5 டன்னுக்கு ஏறக்குறைய 333 பைகள் ஆகும். தூக்கிச் சுமப்பது யார்? அதனால் பலர் மொத்தமாக வாங்குகிறார்கள். ஒரு கன மீட்டரில் சுமார் 650 கிலோ பெல்லட் அடங்கும். 5,000 கிலோவை 650ஆல் வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 7.7 கன மீட்டர் வரும். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை போதும்.

டாங்கி லோரி வந்து, நீண்ட குழாய் வழியே காற்றின் வேகத்தில் பெல்லட்டை அறைக்குள் ஊதிவிடும். சுவரில் இரண்டு குழாய் வாய்கள் இருக்கும். ஒன்றின் வழியே பெல்லட் உள்ளே போகும். மற்றொன்றின் வழியே தூசி கலந்த காற்று உறிஞ்சப்படும். எதிர்ச்சுவரில் மோதிக் குச்சிகள் நொறுங்காமலிருக்க ஒரு ரப்பர் விரிப்பு தொங்கும். பெல்லட் தானாகச் சரிந்து நடுவில் சேரும்படி தரை இருபுறமும் சாய்வாக இருக்கும். அங்கிருந்து திருகு வடிவத் தண்டு ஒன்று சுழன்று, அதைச் சிறிது சிறிதாகக் கொதிகலனுக்குத் தள்ளும்.

தூசியும் ஈரமும் உள்ளே போகாதபடி அந்த அறையை இறுக மூடிவைப்பதுதான் நல்லது என்றே தொடக்கத்தில் பலரும் எண்ணினார்கள். ஆபத்து அங்கேதான் இருந்தது.

எச்சரிக்கை கப்பலிலிருந்து வந்தது

2002இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில், பெல்லட் ஏற்றிவந்த கப்பலில் ஒருவர் இறந்தார். 2006 நவம்பரில் சுவீடனின் ஹெல்சிங்போரி துறைமுகத்தில் அதேபோல இன்னொன்று. பெல்லட் இருந்த தளத்தை ஒட்டிய படிக்கட்டில் இறங்கிய மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அவர் பெல்லட் குவியலுக்குள் போகவே இல்லை. பக்கத்துப் படிக்கட்டுக்குக் கசிந்த காற்றே போதுமானதாக இருந்தது. உதவிக்குப் போனவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

கனடாவிலிருந்து சுவீடனுக்குப் பெல்லட் கொண்டுவந்த கப்பல்களின் தளங்களில் ஆய்வாளர்கள் காற்றை அளந்தார்கள். கார்பன் மோனாக்சைடு சில இடங்களில் 14,000 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தது. பி.பி.எம். என்றால் பத்து இலட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்று பொருள். வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு அனுமதிக்கப்படும் அளவு, நாட்டுக்கு நாடு மாறினாலும், சுமார் 20 முதல் 50 பி.பி.எம். மட்டுமே. வழக்கமாகக் காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டிய உயிர்வளி, ஓரிடத்தில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தது.

கப்பல் பெரியது, வீட்டு அறை சின்னது என்று அப்போதும் தோன்றியிருக்கலாம். 2010 ஜனவரியில் ஜெர்மனியில், சுமார் 700 வீடுகளுக்குச் சூடு வழங்கிய நிலையத்தில், 150 டன்னுக்கு மேல் பெல்லட் இருந்த கிடங்குக்குள் நுழைந்த தொழில்நுட்பப் பணியாளர் இறந்தார். 2011 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தில், 60 குடும்பங்களுக்கான 82 கன மீட்டர் பெல்லட் அறைக்குள் போன 28 வயதுக் கர்ப்பிணி இறந்தார். அந்த அறையில் பிறகு அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 7,500 பி.பி.எம். இருந்தது. இரண்டு இடங்களிலும் கிடங்கில் தீப்பிடிக்கவில்லை.

தீ இல்லாமல் இந்த நச்சுவாயு எப்படி வந்தது?

கார்பன் மோனாக்சைடு என்றதும் நமக்கு நெருப்பு நினைவுக்கு வரும். கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். உயிர்வளி போதாமல் கரி அரைகுறையாக எரியும்போது இந்த வாயு உண்டாகிறது. பெல்லட் அறையில் எதுவும் எரியவில்லை. ஆனால் அங்கும் உயிர்வளியோடு வேதிவினை நடக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேயிலையே போதும். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகிறது. ‘நொதித்தல்’ என்று அதைச் சொன்னாலும், உண்மையில் நடப்பது ஆக்சிஜனேற்றம்தான். உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் உடைகின்றன. உள்ளே இருந்த பொருள்கள் நொதிகளின் உதவியுடன் காற்றின் உயிர்வளியோடு சேர்கின்றன. நெருப்பே இல்லை, ஆனாலும் உயிர்வளி செலவாகிறது.

மரத்திலும் இப்படி உயிர்வளியோடு சேரும் பொருள்கள் உண்டு. முக்கியமானவை கொழுப்பு அமிலங்கள். பைன் மரத்தில் இவை அதிகம். இவற்றின் மூலக்கூறுகளில் கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புகள் இருப்பதை உயர்நிலைப் படிவங்களில் வேதியியல் எடுக்கும் மாணவர்கள் அறிவார்கள். அந்தப் பிணைப்பை ஒட்டிய இடத்தில்தான் உயிர்வளி தாக்குகிறது. மூலக்கூறு துண்டு துண்டாக உடைகிறது. வீட்டில் நாள்பட்ட கடலை எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே வினையால்தான். உடைந்த துண்டுகளில் சில, மணமுள்ள ஆல்டிஹைடுகள். இன்னொரு துண்டு, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு.

மரம் முழுத் தடியாக இருக்கும்போது இந்தக் கொழுப்பு உள்ளே பாதுகாப்பாக இருக்கிறது. அரைத்துத் தூளாக்கும்போது காற்றுபடும் பரப்பு பல மடங்காகிறது. கொழுந்தை உருட்டுவதுபோலத்தான் இதுவும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தேயிலையை உலர்த்தும் சூடு நொதிகளை அழித்து வினையை நிறுத்திவிடுகிறது. கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்துக்கு நொதி தேவையில்லை. அதனால் உலர்ந்த பெல்லட்டிலும் அது தொடர்கிறது. புதிதாகச் செய்த பெல்லட்டில் முதல் சில வாரங்கள் வேகம் அதிகம். வெப்பநிலை கூடினால் வேகமும் கூடும்.

எவ்வளவு வாயு போதும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கன மீட்டர் அறை பாதி நிரம்பியிருக்கிறது. உள்ளே சுமார் 3 டன் பெல்லட். மேலே 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர் காற்று. அதில் கார்பன் மோனாக்சைடு 1,000 பி.பி.எம். ஆக எத்தனை லிட்டர் வேண்டும்?

5,000 × 1,000 ÷ 10,00,000 = 5 லிட்டர்.

மளிகைக் கடையில் விற்கும் பெரிய சமையல் எண்ணெய்ப் புட்டியின் அளவுதான். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24 லிட்டர் இடத்தை அடைக்கும். கார்பன் மோனாக்சைடின் மோலார் நிறை 28 கிராம். ஆகவே 5 லிட்டரின் எடை 6 கிராமுக்கும் குறைவு. 3 டன் மரத்தில் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு மாறினாலே போதும். நிறுத்துப் பார்த்தாலும் பெல்லட்டின் எடையில் மாற்றம் தெரியாது. ஆனால் அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் இருந்தால் தலைவலியும் மயக்கமும் வரும். வெளியேறாவிட்டால் உயிர் போகும். சுவிட்சர்லாந்து அறையில் இருந்த 7,500 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களே போதும்.

உடல் ஏன் எச்சரிப்பதில்லை?

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைச் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்சைடு அதே இடத்தில், உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. நுரையீரலில் காற்று நிறைய இருந்தாலும் மூளைக்கு உயிர்வளி போய்ச் சேராது.

அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றின் சராசரி மூலக்கூறு நிறை 29, இதன் நிறை 28. எனவே மேலே தனியாக மிதப்பதுமில்லை, கீழே தேங்குவதுமில்லை. அறை முழுதும் கலந்திருக்கும். குனிந்து போனாலும் நிமிர்ந்து போனாலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உண்டு. மூச்சை அடக்கும்போது நமக்குத் திணறல் வருவது உயிர்வளி குறைவதால் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் திணறலை முக்கியமாக உண்டாக்குவது உடலில் சேரும் கரிவளி. உயிர்வளி குறைந்த அறையிலும் நாம் கரிவளியை வழக்கம்போல் வெளியேற்றிக்கொண்டே இருப்போம். அதனால் மூச்சுத் திணறாது. ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று நினைக்கும்போதே கால்கள் மடங்கிவிடும்.

கீழே விழுந்தவரைப் பார்த்ததும் நண்பர் உள்ளே ஓடுவார். அவரும் விழுவார். இத்தகைய அடைபட்ட இடங்களில் நிகழும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்று அமெரிக்காவின் தேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம் 1986இல் எச்சரித்தது.

குவியல் பெரிதானால் சூடும் ஏறும்

ஆக்சிஜனேற்றம் வெப்பத்தையும் தருகிறது. காய்ந்த பெல்லட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்போதும் வெப்பம் வெளிப்படுகிறது. சின்னக் குவியலில் அது வெளியே போய்விடும். பெரிய குவியலில் போகாது. 1 மீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் கன அளவு 1, பரப்பு 6. 10 மீட்டர் பக்கமுள்ளதன் கன அளவு 1,000, பரப்பு 600. வெப்பம் உண்டாகும் இடம் ஆயிரம் மடங்கானது, வெளியேறும் வழி நூறு மடங்குதான் ஆனது. அதனால்தான் வீட்டுக் கிடங்கில் தானாகத் தீப்பிடிப்பது அரிது, மின்நிலையக் கிடங்குகளில் அது பெரிய கவலை. இங்கிலாந்தின் டிராக்ஸ் மின்நிலையம், மொத்தம் 3 இலட்சம் டன் கொள்ளும் நான்கு மாபெரும் குவிமாடங்களில் பெல்லட்டைச் சேமிக்கிறது. உயிர்வளியைக் குறைக்க உள்ளே நைட்ரஜனைச் செலுத்தும் ஏற்பாடும் அங்கு உண்டு.

மழையைத் தடுத்து, காற்றை விடுவது

பெல்லட் தண்ணீரில் நனைந்தால் உப்பி, உதிர்ந்து மறுபடி தூளாகிவிடும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும், காலையில் மூடுபனி சூழும் கேமரன் மலை போன்ற இடத்தில் இதைச் சேமிக்க நேர்ந்தால், முதலில் எல்லா ஓட்டையையும் அடைக்கவே தோன்றும். ஆனால் அடைத்தால் நஞ்சு சேரும். அதனால் நல்ல கிடங்கு இரண்டையும் கவனிக்க வேண்டும். சுவரும் தரையும் ஈரம் ஊறாதவையாக இருக்க வேண்டும், காற்றோட்டமோ திறந்த வெளியோடு இணைந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் இப்போது சிறிய கிடங்குகளின் நிரப்புக் குழாய்களுக்குக் காற்றுத் துளையுள்ள மூடிகள் போடுகிறார்கள். மழைநீர் புகாமல் வாயு மட்டும் வெளியேறும். பெரிய கிடங்குகளுக்குத் தனிக் காற்றுவழிகள் அல்லது மின்விசிறி வேண்டும். கதவில் எச்சரிக்கைப் பலகை, நுழையும் முன் குறைந்தது 15 நிமிடம் கதவைத் திறந்துவைத்தல், பெரிய கிடங்கானால் கருவியால் காற்றை அளத்தல், வெளியே ஓர் ஆள் காவல் நிற்றல் ஆகியவை வழக்கமாகிவிட்டன. வீட்டு அளவிலான பெல்லட் சேமிப்பின் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ. 20023 என்ற பன்னாட்டுத் தரம் 2018இல் வெளிவந்தது.

நமக்கு ஏன் இது?

மலேசியாவில் மரத்தூளிலிருந்து செய்யப்படும் பெல்லட் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் கப்பலேறுகிறது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில், ஜொகூரின் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையத்தில் உயிர்ப்பொருள் எரிபொருளைச் சேர்த்து எரிக்கும் திட்டமும் இடம்பெற்றுள்ளது. விறகுக்குப் பதில் பெல்லட் என்ற யோசனை தேயிலை ஆலைகளுக்கும் பொருந்தக்கூடியதே. திறந்த கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கிய விறகுக்குப் பழகிய ஒருவர், மூடிய பெல்லட் கிடங்கையும் அதே கண்ணால் பார்த்தால் ஆபத்து. இதைப் படிக்கும் உங்களில் சிலர் நாளை துறைமுகத்திலோ ஆலையிலோ மின்நிலையத்திலோ வேலைக்குச் சேரலாம்.

கிணறு, கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, கப்பல் தளம், பெல்லட் கிடங்கு எல்லாமே அடைபட்ட இடங்கள்தான். மலேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2010ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு, இத்தகைய இடங்களில் உயிர்வளி 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சி பெற்றவர் காற்றை அளந்த பிறகே உள்ளே போகலாம், வெளியே ஒருவர் காத்திருக்க வேண்டும்.

யாராவது உள்ளே விழுந்து கிடப்பதைக் கண்டால் பின்னால் குதிக்காதீர்கள். வெளியில் நின்றபடியே கதவுகளையும் மூடிகளையும் திறக்க முடிந்தால் திறந்துவிடுங்கள். 999ஐ அழைத்து, ‘அடைபட்ட இடத்தில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினர் தங்கள் காற்றைத் தாங்களே முதுகில் சுமந்து வருவார்கள். உள்ளே போக வேண்டியவர்கள் அவர்கள்தான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: பூனைகளுக்கான மரக் குச்சிகள் 20, ஓர் அளவுக் குவளை, தண்ணீர்.

குச்சிகளைக் குவளையில் போட்டு, எந்தக் கோடு வரை நிற்கின்றன என்று குறியுங்கள். அவை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருங்கள். தூள் எந்தக் கோடு வரை உயர்ந்தது? எத்தனை மடங்கு? ஒரு கிடங்கு முழுக்க இப்படி உப்பினால் அதன் சுவருக்கு என்ன ஆகும் என்று வகுப்பில் பேசுங்கள்.

காற்றோட்டமான வீட்டில் ஒரு சிறு பை குச்சிகளால் ஆபத்தில்லை. பல டன் பெல்லட்டும் இறுக மூடிய அறையும் ஒன்று சேரும்போதுதான் ஆபத்து.